பணப்பை யாருடையது?

இலண்டன் மாநகரின் வாட்டர்லூ இரயில் நிலையம். 1870-களில் ஒரு நாள். கூட்டத்தினிடையே நின்ற ஒரு மாதின் பணப்பையை இளைஞன் ஒருவன் பறித்தான், பிடிபட்டான், வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டான். பறிகொடுத்தவர் மில்லிசெண்ட் ஃபாசெட் அம்மையார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமெனப் பிற்காலத்தில் நாடெங்கும் இயக்கம் நடத்திய அதே அம்மையார்தான். மன்றத்தில் குற்றச்சாட்டுப் படிக்கப்பட்டது. 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் அடங்கிய பணப்பையை இவன் மில்லிசெண்ட் ஃபாசெட்டிடமிருந்து திருடினான்; அப்பணப்பையோ ஹென்றி ஃபாசெட்டின் உடைமை! கையிலிருந்தது மனைவியின் பை. பறிபோனது கணவரின் பொருள். திருட்டுக் குற்றம் தன்மீதே சாட்டப்பட்டது போல் இருந்ததென்று அம்மையார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

ஹென்றி ஃபாசெட் கொடுமைக்காரக் கணவரா? இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். கண்பார்வை இழந்தும் கலங்காமல் பார்லிமெண்டில் அமர்ந்தவர். இந்திய மக்கள்மீது சுமத்தப்பட்ட வரிச்சுமையைக் கண்டித்துப் பேசியவர். பெண்ணுரிமையை மனமார ஆதரித்தவர். மனைவியின் பணப்பையைத் தனதென்று அவர் ஒருநாளும் உரிமை கொண்டாடவில்லை. கொண்டாடியது சட்டம்! கணவன் நல்லவனாக இருந்தால் மனைவி மானத்தோடு வாழலாம். தீயவனாக இருந்தால் தெருவில் நிற்கலாம். இதற்குப் பெயர் உரிமையா, தோழர்களே? உரிமையன்று, பிச்சை. கொடுப்பவன் மனம் குளிர்ந்திருக்கும் வரையில்தான் பிச்சை கிடைக்கும்.

சட்டமென்றால் கறுப்பு அங்கி அணிந்தவர்களுக்கே உரியது, நமக்கு எட்டாதது என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் குடியிருக்கும் வீடு, கொடுக்கும் வாடகை, வாங்கும் சம்பளம், எழுதும் ஒப்பந்தம், இணைந்து வாழும் வாழ்வு, பெற்ற பிள்ளை, இவற்றில் எது சட்டத்தின் கை படாதது? படித்தறியாதவனைச் சட்டம் விட்டுவிடுகிறதா? இல்லை, அவனைத்தான் முதலில் பிடிக்கிறது. யாருக்கும் புரியாத மொழியில் பூட்டி வைக்கப்பட்டிருந்த சட்டத்தை எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதிக் காட்டியதன் மூலமே ஒரு நாட்டின் நூற்றாண்டு அநீதியை அசைத்த ஓர் இளம்பெண்ணின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

இருவரும் ஒருவரே!

ஆங்கில நாட்டின் பழஞ்சட்டம் மணமான பெண்ணை எப்படிக் கருதிற்று? 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக ஆங்கிலச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய பிளாக்ஸ்டோன் என்னும் சட்ட அறிஞர் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். மணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் ஆகிவிடுகின்றனர். அந்த ஒரே ஆள் கணவன்! மணவாழ்வு நீடிக்கும் வரையில் மனைவியின் சட்ட இருப்பு ஒடுங்கிக் கிடக்கும்.

இந்தத் தத்துவம் அன்றாட வாழ்வில் எப்படி நடந்ததென்று காண்போம். மணமாகாத பெண், வயது வந்தவளானால், ஆணைப் போலவே சொத்து வாங்கலாம், விற்கலாம், ஒப்பந்தம் எழுதலாம், வழக்கும் தொடுக்கலாம். மணம் முடிந்த மறுகணம் அவ்வளவும் பறிபோயிற்று. அவள் கையிலிருந்த ரொக்கம், நகை, தட்டுமுட்டுச் சாமான் அனைத்தும் கணவனுக்கே சொந்தம். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்த நிலமிருந்தால், அவள் சம்மதமின்றி அதை விற்க மட்டும் கணவனால் முடியாது. ஆனால் அதன் குத்தகையும் வாடகையும் அவன் கைக்கே போகும். அவள் உழைத்துப் பெற்ற கூலியும் அவனுடையதே. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆகவே ஓர் அறையைக்கூடத் தன் பொறுப்பில் வாடகைக்கு எடுக்க முடியாது. கணவன் அனுமதியின்றி உயில் எழுத முடியாது. தனித்து நின்று வழக்குத் தொடுக்கவும் முடியாது. பெற்ற பிள்ளைகளோ தகப்பனுக்கே உரியவர்கள்.

மணமகன் தன் உலகப் பொருளையெல்லாம் மணமகளுக்கு அளிப்பதாகத் தேவாலயத்தில் பாதிரியார் முன்னிலையில் உறுதி கூறுவான். அதே நொடியில் சட்டம், மணமகளின் பொருளையெல்லாம் மணமகனுக்கு அளித்துவிடும்! சடங்கு சொன்னது ஒன்று, நடந்தது மற்றொன்று. சடங்கின் இனிய சொல்லில் மயங்கியிருந்தவர்கள் சட்டத்தின் கசந்த சொல்லைப் படித்துப் பார்க்கவில்லை.

செல்வர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பெண்களின் சொத்து மருமகன் கையில் சிக்காதிருக்க வழி தேடினார்கள். திருமணத்துக்கு முன்பே வழக்கறிஞரைக் கொண்டு பத்திரம் எழுதி, பெண்ணின் சொத்தைப் பொறுப்பாளர்கள் வசம் ஒப்படைத்தார்கள். சான்சரி எனப்படும் தனி மன்றம் அந்த ஏற்பாட்டைக் காத்தது. ஆக, பணக்காரன் மகளுக்கு ஒரு நீதி. நெசவாலையில் நிற்கும் பெண்ணுக்கும், துணி வெளுத்துக் கஞ்சி குடிக்கும் பெண்ணுக்கும் வேறொரு நீதி! குடித்துவிட்டுத் திரியும் கணவன் சனிக்கிழமை மாலையில் வந்து, அவள் வாரக்கூலியைச் சட்டத்தின் துணையோடு பிடுங்கிக்கொண்டு போகலாம். தடுப்பதற்கு எந்தச் சான்சரியும் வராது.

ஒப்பந்தம் ஆகாத ஒப்பந்தம்

கரோலின் நார்ட்டன் அம்மையார் ஏழையல்லர். பெயர் பெற்ற எழுத்தாளர். ஷெரிடன் என்ற நாடகாசிரியரின் பேத்தி. 1827-இல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞருக்கு மனைவியானார். மூன்று ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். அடியும் உதையும் கண்டார். 1836-இல் கணவர், அன்று தலைமை அமைச்சராக இருந்த மெல்போர்ன் பிரபுவையும் தம் மனைவியையும் இணைத்துப் பழி சுமத்தி, பிரபுவிடம் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பழிக்கு ஆளானவள் மனைவி. ஆனால் அந்த வழக்கில் அவள் கட்சிக்காரியும் அல்லள், சாட்சியும் அல்லள்! வழக்குத் தோற்றது. ஆயினும் பிள்ளைகள் தாயிடம் திரும்பவில்லை. அவர் எழுதிய எழுத்தும் எழுப்பிய கிளர்ச்சியும் 1839-இல் ஒரு சட்டத்தைக் கொணர்ந்தன. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட சிறுவரைக் காணவும் தாய் மன்றத்தை வேண்டலாம் என்றது அது. ஆங்கில நாட்டில் தாய் என்ற பிறவிக்குச் சட்டம் கொடுத்த முதற் சலுகை அதுதான்.

பின்னர் கணவர் ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அம்மையாருக்குத் தாய்வழியில் சிறிது வருவாய் வந்ததும், அத்தொகையை நிறுத்திக்கொண்டார். 1853-இல் கடன்காரர்கள் தொடுத்த வழக்கில் பத்திரம் மன்றத்தின் முன் வந்தது. முடிவு என்ன? பத்திரம் கணவரைக் கட்டுப்படுத்தாது! ஏன்? ஒப்பந்தமென்றால் இருவர் வேண்டும். கணவனும் மனைவியும் சட்டப்படி ஒருவரல்லவா? ஒருவன் தன்னோடு தானே எப்படி ஒப்பந்தம் செய்துகொள்வான்? இதுதான் வாதம். அதுமட்டுமா! அம்மையார் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் கணவர் உரிமை கோரினார்.

கையெழுத்து இருந்தது, தாள் இருந்தது, வாக்குறுதி இருந்தது. அவள் என்ற ஆள் மட்டும் சட்டத்தில் இல்லை! நார்ட்டன் அம்மையார் 1854-இலும் 1855-இலும் இந்தக் கொடுமையை விளக்கி நூல்கள் வெளியிட்டார். அவை சுட்டெரிக்கும் சொற்கள்; ஆனால் ஒரு பெண் தன் வழக்கைச் சொன்ன சொற்கள். எல்லாப் பெண்களின் வழக்கையும், கண்ணீரும் கோபமும் கலவாமல், பட்டியலிட்டுக் காட்ட இன்னொருவர் தேவைப்பட்டார்.

ஊரார் ஒதுக்கிய குடும்பம்

அவர் பெயர் பார்பரா லீ ஸ்மித். 1827-இல் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் பெஞ்சமின் ஸ்மித், பார்லிமெண்டு உறுப்பினர். அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடிய குடும்பத்தில் வந்தவர். தாயார் ஆன் லாங்டன், தொப்பி தைத்துப் பிழைத்த எளிய பெண். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, சேர்ந்து வாழ்ந்தனர், ஐந்து மக்களைப் பெற்றனர். தாயார் 1834-இல் மறைந்தார்.

மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு அன்றைய சட்டம் இட்ட பெயரென்ன தெரியுமா? 'யாருக்கும் பிள்ளையல்லாதவன்' என்பது! பெற்றோர் கண்முன் நிற்க, பிள்ளை யாருக்கும் பிள்ளையல்லவாம். உயில் எழுதி வைத்தாலன்றித் தகப்பன் சொத்தில் அவனுக்கு இம்மியும் வராது. சமூகமும் சட்டத்துக்குச் சளைக்கவில்லை. சொந்தச் சிற்றப்பன், அத்தை வீட்டாரே இந்தக் குழந்தைகளைத் தங்கள் வாயிற்படி ஏற்றவில்லை. பிற்காலத்தில் தாதியர் தொண்டால் உலகப் புகழ் பெற்ற ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் இவருக்கு அத்தை மகள். அந்த வீட்டாரும் ஒதுக்கியவர்களே.

தகப்பனார் ஒன்று செய்தார். பிள்ளைகள் வயதடைந்ததும், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 300 பவுன் வருவாய் வரும்படி ஏற்பாடு செய்தார். அந்தப் பணம் பார்பராவுக்குச் சுதந்தரத்தின் சுவையைக் காட்டிற்று. ஓவியம் கற்றார். ஏழைப் பிள்ளைகளும் வசதியுள்ளோர் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் பள்ளியொன்றை இலண்டனில் தொடங்கினார். தம் கையில் காசு இருந்ததனால்தான் தம்மால் நிமிர்ந்து நிற்க முடிந்தது என்பதை உணர்ந்தார். தாம் மணம் செய்துகொண்டால் மறுகணமே அந்தக் காசு யாருடையதாகும் என்ற கேள்வியும் அவர் முன் எழுந்தது.

1854-இல், தமது இருபத்தேழாம் வயதில், ஒரு சிறு வெளியீட்டை அவர் கொணர்ந்தார். பெண்களைப் பற்றிய முக்கியமான சட்டங்களின் சுருக்கம், எளிய நடையில், என்பது அதன் தலைப்பின் பொருள். சில பக்கங்களே கொண்டது. மணமாகாத பெண்ணுக்குச் சட்டம் என்ன சொல்கிறது, மணமான பெண்ணுக்கு என்ன சொல்கிறது, கைம்பெண்ணுக்கு என்ன, பிரிந்து வாழ்பவளுக்கு என்ன, மணமின்றிப் பிள்ளை பெற்றவளுக்கும் அப்பிள்ளைக்கும் என்ன, இப்படித் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓரிரு வரியில் எழுதினார். கடைசியில் மட்டும் தம் கருத்தைச் சேர்த்தார். அச்சேற்றுமுன், மாத்தியூ டேவன்போர்ட் ஹில் என்ற அனுபவமிக்க சட்ட அறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். பிழை ஒன்று இருந்தாலும் எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள் என்பதை அறிந்திருந்தார்.

இதிலே அலங்காரமில்லை, ஆவேசமில்லை. ஆனால் படித்தவர் திடுக்கிட்டனர். கூலியும் அவனுடையதா, குழந்தையும் அவனுடையதா, என் கையெழுத்துக்கு மதிப்பில்லையா என்று ஆயிரமாயிரம் பெண்கள் முதன்முறையாகக் கேட்டனர். அநீதி அதற்குமுன்பும் இருந்ததுதான். ஆனால் அதைத் தன் தலையெழுத்து என்று எண்ணியிருந்தவள், அது தலையெழுத்தன்று, யாரோ எழுதி வைத்த சட்ட எழுத்து என்று கண்டுகொண்டாள். தலையெழுத்தை மாற்ற வழியில்லை. சட்ட எழுத்தை மாற்றலாமே!

விண்ணப்பமும் மறுப்பும்

வெளியீட்டோடு அவர் நிற்கவில்லை. தோழியரைக் கூட்டினார், குழு அமைத்தார், நாடெங்கும் கையெழுத்துத் திரட்டினார். எலிசபெத் பாரெட் பிரௌனிங், எலிசபெத் காஸ்கெல், ஹாரியெட் மார்ட்டினோ போன்ற எழுத்தாளர்கள் கையெழுத்திட்டனர்; பெயர் தெரியாத எளிய பெண்களும் இட்டனர். 1856 மார்ச்சுத் திங்களில், 26,000 கையெழுத்துகள் தாங்கிய விண்ணப்பங்கள் பார்லிமெண்டின் இரு அவைகளிலும் வைக்கப்பட்டன. பிரபுக்கள் சபையில் வைத்தவர் புரூம் பிரபு. மக்கள் சபையில் வைத்தவர் எர்ஸ்கின் பெர்ரி. இந்தப் பெர்ரி, அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பம்பாயில் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

எதிர்ப்பு எழுந்தது. இல்லறத்தின் அமைதி கெட்டுவிடும். மனைவி கணவனை மதிக்கமாட்டாள். குடும்பமே குலைந்துவிடும் என்றனர். எங்கேயோ கேட்ட குரல் போல் இருக்கிறதல்லவா? உரிமை கேட்கப்படும் ஊரிலெல்லாம் இந்தக் குரல் கேட்கும். அடிமை அமைதியாக இருக்கும் வீட்டைத்தான் இவர்கள் அமைதியான வீடு என்கிறார்கள்!

1857-இல் பெர்ரி கொணர்ந்த சொத்துரிமை மசோதா கரைசேரவில்லை. அதன் வேகத்தைத் தணிக்க, அதே ஆண்டு வந்த மணவிலக்குச் சட்டத்தில் ஒரு துண்டு ஒட்டப்பட்டது. கணவனால் கைவிடப்பட்ட மனைவி, அதன்பின் சம்பாதிப்பதைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம் என்றது அத்துண்டு. கைவிடாமல் கூடவே இருந்து சுரண்டும் கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மணவிலக்கிலும் இரட்டை நீதி: மனைவி ஒழுக்கம் தவறினாள் என்று காட்டினால் கணவனுக்கு விலக்குக் கிடைக்கும், கணவன் ஒழுக்கம் தவறினான் என்பதோடு, கொடுமை செய்தான் அல்லது கைவிட்டான் என்பது போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் மனைவிக்குக் கிடைக்கும்.

பாதி நீதியும் முழு நீதியும்

போராட்டம் தொடர்ந்தது. 1868-இல் மணமான பெண்களின் சொத்துரிமைக்கெனக் குழு அமைந்தது. அதன் செயலாளர் எலிசபெத் உல்ஸ்டன்ஹோம் என்ற ஆசிரியை. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பார்லிமெண்டில் துணை நின்றார். 1870-இல் முதற் சட்டம் வந்தது. மனைவி உழைத்துப் பெற்ற கூலி, அவள் சேமிப்பு வங்கிப் பணம், அவளுக்கு வரும் 200 பவுன் வரையிலான மரபுரிமைப் பணம், இவை போன்ற சில மட்டும் அவளுடையவை ஆயின. மற்றவை பழையபடியே. ஃபாசெட் அம்மையாரின் பணப்பை, சட்டம் வந்த பின்னும் கணவர் பொருளாகவே கணக்கிடப்பட்டதற்குக் காரணம் இந்தப் பாதி நீதிதான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உல்ஸ்டன்ஹோம் அம்மையார், பகுத்தறிவாளரான பென் எல்மி என்பவரோடு, மணமென்ற சடங்கின்றி இணைந்து வாழ்ந்தார். மனைவியை அழித்துக் கணவனாக்கும் மணச்சட்டத்துக்குத் தலைவணங்க இருவரும் மறுத்தனர். 1874-இல் அம்மையார் கருவுற்றார். உடனே எதிரிகள் அல்ல, உடன் உழைத்த தோழியரே கலங்கினர். இயக்கத்துக்கு இழுக்கு வருமென்று வற்புறுத்தினர். அந்த ஆண்டே இருவரும் பதிவு அலுவலகத்தில் மணம் பதிந்துகொண்டனர். கீழ்ப்படிவேன் என்ற உறுதிமொழியும் இல்லை, மோதிரமும் இல்லை. அதற்குப் பின்னும் முணுமுணுப்பு ஓயவில்லை. பழமையை எதிர்ப்பவர் நெஞ்சிலும் பழமை ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாதிரியார் இன்றிப் பதிவு அலுவலகத்தில் மணக்கும் வழியே ஆங்கில நாட்டில் 1836-இன் சட்டத்தால்தான் பிறந்தது. அதற்குமுன், 1753-இன் சட்டப்படி, யூதரும் குவேக்கரும் தவிர எவராயினும் அரசாங்கத் திருச்சபையின் பாதிரியார் முன்னிலையில் மணந்தாலன்றி மணம் செல்லாது. வேறு கொள்கையுடையவன் தான் நம்பாத சடங்குக்குத் தலைகுனிந்தே மனைவியைப் பெற வேண்டியிருந்தது.

1882-இல் முழுமையான சட்டம் நிறைவேறியது; 1883 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கலாம், விற்கலாம், உயில் எழுதலாம், அச்சொத்தைப் பொறுத்து ஒப்பந்தம் செய்யலாம், தன் பெயரில் வழக்காடலாம். எஞ்சிய சிக்கல்கள் நீங்க 1935 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பார்பரா அம்மையார் 1891-இல் மறைந்தார். தாம் சிறுமியாக இருந்தபோது கேட்கவும் முடியாதிருந்த ஒன்று சட்டமானதைக் கண்டபின்னரே மறைந்தார். பெண்களுக்கெனக் கேம்பிரிட்ஜில் எழுந்த கிர்ட்டன் கல்லூரியை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர்.

நம் நாட்டில்

ஆங்கிலேயர் இங்கே ஆண்டபோது, தம் நாட்டின் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 1874-இல் இந்தியாவுக்கும் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் ஒன்று இயற்றினர். ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர், சமணர் எவருக்கும் அது பொருந்தாதென ஒதுக்கினர். அவரவர் மதச் சட்டம் அவரவரைப் பார்த்துக்கொள்ளுமாம்! கணவன் தன் மனைவி மக்களின் நன்மைக்கென எடுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கு அச்சட்டம் அளித்த பாதுகாப்பு மட்டும், 1913-க்குப் பின் சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு எட்டியது.

பழைய இந்துச் சட்டத்தில் பெண் தன் சீதனத்துக்கு உரியவள். கூட்டுக் குடும்பச் சொத்திலோ பங்கில்லாதவள். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. 1937-இன் சட்டம் கைம்பெண்ணுக்குப் பங்கு தந்தது. ஆயுட்காலம் அனுபவிக்கத் தந்ததேயன்றி, முழு உரிமையாகத் தரவில்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் பெற்ற சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்றது. எனினும் பூர்விகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை ஆணுக்கு மட்டும் என்ற பழமையை விட்டுவைத்தது. 1989-இல் தமிழ்நாடு அந்தப் பழமையை வெட்டியது. அந்த ஆண்டு மார்ச்சு 25-க்கு முன் மணமாகாதிருந்த மகள், மகனுக்கு நிகரான பங்காளியானாள். 2005-இல் மத்தியச் சட்டம் நாடு முழுமைக்கும் அவ்வுரிமையைத் தந்து, மணமானவளுக்கும் விரித்தது. 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செங்கற்பட்டுத் தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டுச் சட்டம் வரை அறுபது ஆண்டுகள்!

மணத்தின் வரலாறும் இப்படித்தான். புரோகிதரை விலக்கி, மாலை மாற்றி மணந்தவர்களின் மணம் செல்லாதென்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வாழ்ந்த வாழ்வு உண்மை, பெற்ற பிள்ளை உண்மை. மணம் மட்டும் பொய் என்றாயிற்று. 1967-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் அத்தகைய மணங்களைச் செல்லத்தக்கவை ஆக்கியது; முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்தே ஏற்பளித்தது. சட்டம் வரும்வரை காத்திருந்து மணந்தவர்களல்லர் அவர்கள். அவர்கள் மணந்து காட்டியதனால்தான் சட்டம் வந்தது.

தெரிந்துகொள்வதே முதற்படி

இனிக் கேட்கிறோம்: இத்தனை உரிமையும் ஏட்டில் ஏறிய பின், வீட்டில் ஏறியிருக்கிறதா?

சார்பதிவாளர் அலுவலகத்து வாயிலில் நின்று பாருங்கள். அண்ணன்மார் சூழ ஒரு தங்கை வருகிறாள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, பிறந்த வீட்டு உறவு வேண்டுமல்லவா என்கிறார்கள். நீட்டிய தாளில் அவள் கையெழுத்திடுகிறாள். அத்தாளின் பெயர் என்ன? விடுதலைப் பத்திரம்! தன் பங்கை அவள் 'விடுதலை' செய்கிறாள். மனமறிந்து கொடுத்தால் அது கொடை. குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அறியாமல் கொடுத்தால்? அச்சத்தால் கொடுத்தால்? அறுபதாண்டுப் போராட்டம் ஆறு நிமிடத்தில் கரைந்துபோகிறது. கையெழுத்திடுமுன் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் ஓர் இளைஞன் இருந்தால் போதுமே!

இந்நாட்டில் 1872-இன் ஒப்பந்தச் சட்டம், உரிய வயதும் தெளிந்த மனமும் உள்ளவர் ஒப்பந்தம் செய்யத் தக்கவர் என்கிறது. அதில் ஆண் பெண் பேச்சில்லை. ஆகவே மனைவி, தன் பெயரில் வீடு வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ நிலமோ விலைக்கு வாங்கினால் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். வாய்ச்சொல்லும் வெற்றுத்தாளும் உரிமை தரா. வாங்குமுன் வில்லங்கச் சான்றைப் பார்க்க வேண்டும். குடிக்கூலிக்கு இருப்பவரைப் பொறுத்தவரை, 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்பணம் கொடுத்ததற்குத் தாள் இல்லாதவன், வீட்டைக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரரின் நல்ல மனத்தை நம்பி நிற்கிறான். நல்ல மனத்தை நம்பி நிற்பதற்குப் பெயர் என்னவென்று முன்பே சொன்னோம்.

எம்முறையில் மணந்தாலும் மணத்தைப் பதிய வேண்டுமென்று தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மணமின்றிச் சேர்ந்து வாழும் பெண்ணும் முற்றிலும் திக்கற்றவளல்லள். மணவாழ்வை ஒத்த உறவில் வாழ்பவளுக்கும் 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 முதல் பாதுகாப்பளிக்கிறது. உடன் வாழ்ந்த வீட்டிலிருந்து விரட்டப்படாமல் இருக்க மன்றத்தை நாடலாம். ஆனால் எல்லாக் கூட்டுறவும் அந்த வரையறைக்குள் வராது என்பதை 2010-இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இருவரும் மணவயது எய்தியவராய், மணக்கத் தடையற்றவராய், ஊரறியக் கணவன் மனைவி போல் குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் சேர்ந்திருந்தாலே சட்டப்படி மனைவியாகிவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை. நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் பகுத்தறிவாளர் இந்த நம்பிக்கையையும் சோதிக்க வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் இல்லாத நாளில் அதை மாற்றப் போராடினார்கள் முன்னோர். சட்டம் நம் பக்கம் வந்துவிட்ட நாளில், அதை அறியாமல் இருப்பது அவர்கள் உழைப்பைப் புறக்கணிப்பதாகும். இலண்டனில் இருபத்தேழு வயதுப் பெண்ணொருத்தி, வழக்கறிஞர் பட்டமின்றி, வாக்குரிமையின்றி, ஊரார் மதிப்புமின்றிச் செய்த பணியை, பட்டமும் வாக்கும் பெற்றுள்ள நம் இளைஞர்கள் செய்ய முடியாதா? ஒவ்வொரு படிப்பகத்திலும் மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு பத்திரத்தை எடுத்து, வரிவரியாகப் படித்து, எளிய தமிழில் விளக்குங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் அக்காவையும் தங்கையையும் முன்வரிசையில் அமர்த்துங்கள்.

புரியாத மந்திரம் எவ்வளவு காலம் ஆண்டது என்பது நமக்குத் தெரியும். புரியாத சட்டமும் ஒரு மந்திரமே. அதைப் புரியவைப்போம், புரிந்தவர் இனி எவர் மனத்தையும் நம்பிக் கையேந்தி நிற்கமாட்டார்.